அளவுக்காரியைக் கண்டால் ஆகாத தண்ணீர்

அளவுக்காரி எந்தக் கிணற்றை நெருங்கினாலும் அதிலிருந்த தண்ணீர் முப்பது மீட்டர் கீழே இறங்கிவிடும். கிணறு அவ்வளவு ஆழம் இல்லையென்றால் அடிப்பாறையின் வெடிப்பு வழியாக வெளியேறிவிடும். அவள் ஜீப் ஏறிப் போன இரண்டாம் நாள், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பழைய இடத்திலேயே வந்து நிற்கும். நிலத்தடி நீர் அலுவலகத்தில் அவள் பதினேழு வருடம் வேலை பார்த்தாள். கிணறு கிணறாகப் போய், தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் நிற்கிறது என்று அளந்து வருவதுதான் அவள் வேலை. இப்படியொரு பொருத்தத்தை யார் பார்த்துச் சேர்த்து வைத்தார்களோ, தெரியவில்லை.

தண்ணீருக்கு அவள்மேல் அப்படி என்ன கோபம் என்பதில் ஊரில் இரண்டாவது கருத்து கிடையாது. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் கோடை. ஒரு நிலத்தில் போர் போடலாமா என்று பார்க்கப் போயிருந்தாள். நான்கு இரும்புக் கம்பிகளை நேர்கோட்டில் தரையில் அடித்து, வெளிக்கம்பி இரண்டின் வழியாக மின்சாரம் விட்டு, உள்கம்பி இரண்டில் கருவியை மாட்டிப் பார்ப்பார்கள். ஈர நிலம் மின்சாரத்தைச் சுலபமாக விடும், காய்ந்த பாறை முரண்டு பிடிக்கும், கதை அவ்வளவுதான். மேல்மண் வறண்டிருந்தால் மட்டும் கம்பி அடித்த இடத்தில் உப்புத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். ஊற்றாவிட்டால் கம்பிக்கும் மண்ணுக்கும் தொடர்பு இருக்காது. கீழே ஏரியே கிடந்தாலும் கருவி பாறை என்றுதான் சொல்லும். அன்றைக்கு உப்புத் தண்ணீர் கேன் ஜீப்பிலேயே கவிழ்ந்து காலியாகிவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. போனால் போகிறது என்று ஊற்றாமலே அளந்தாள். எண்கள் ஏறிக்கொண்டே போயின. செருப்புக் காலால் தரையை ஒரு தட்டுத் தட்டி, "இங்க ஒரு சொட்டு கூட இல்லீங்க, சுத்த தண்டம்" என்று நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடுங்கினாள். அந்தக் காலுக்கு நேர் கீழே எட்டு மீட்டரில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. எதிரில் இருக்கிற ஆளை வைத்துக்கொண்டே ஆள் இல்லை என்று சொன்னால் யாருக்குத்தான் ரோஷம் வராது? நிலத்தடியில் சேதி பரவ அதிக நேரம் பிடிக்காது. அடுத்த வாரத்திலிருந்து அந்த வட்டாரம் முழுவதும் அவள் தலையைக் கண்டாலே தண்ணீர் இறங்க ஆரம்பித்தது.

அந்த ஒரு நாளைக் கழித்துவிட்டால் அவள் வேலையில் குறை சொல்ல எவனாலும் முடியாது. சும்மா சொல்லக் கூடாது. வரைபடத்தை மேசைமேல் விரித்து, மேடு எது, பள்ளம் எது, பாறை எங்கே தலை நீட்டுகிறது, ஓடை எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்றெல்லாம் பார்த்துத்தான் எந்தெந்தக் கிணற்றை அளப்பது என்று முடிவு செய்வாள். மழைக்கு முன்பு ஒரு தடவை, மழை ஓய்ந்ததும் ஒரு தடவை. முந்தின நாளே சொல்லியனுப்பி மோட்டாரை நிறுத்தி வைக்கச் சொல்வாள். கிணற்றுச் சுவரின் உயரத்தை மறக்காமல் கழிப்பாள். அளவு நாடாவின் நுனி தண்ணீரைத் தொட்டதும் மேலேயுள்ள பெட்டி பீப் என்று கத்தும். மற்றவர்கள் அது கத்தியதும் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த கிணற்றுக்கு ஓடுவார்கள். அவள் அப்படியில்லை. மறுபடி இறக்குவாள். முதலில் ஐந்து மீட்டரில் கத்தியது, அடுத்த தடவை ஒன்பதில் கத்தும், அதற்கடுத்த தடவை பதினாறில். இப்படிச் சரசரவென்று இறங்கினால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று அவள் படித்திருந்தாள்: யாரோ லாரித் தண்ணீரைக் கொண்டுவந்து கிணற்றில் ஊற்றி ஏமாற்றப் பார்க்கிறார்கள், ஊற்றிய தண்ணீர் வடிகிறது. அது வடிந்து முடிகிற வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருப்பாள். கடைசியில் நிலைத்து நின்ற அளவை எழுதுவாள். அரைகுறையாக வேலை செய்யும் ஆளாக இருந்திருந்தால் முதல் பீப்போடு சரியான அளவை எழுதிக்கொண்டு போயிருப்பாள். அவளுடைய ஒழுங்குதான் எல்லாரையும் கெடுத்தது.

ஊர்க்காரர்களுக்கு வந்த வயிற்றெரிச்சலைக் கேட்கவே வேண்டாம். அன்றாடம் குடித்துக் குளித்துத் துவைத்த தண்ணீரை இல்லை என்று எழுதிக்கொண்டு போகிறாள் ஒருத்தி, அதுவும் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள். ஊரில் போர் போடும் வண்டி வைத்திருந்த முதலாளி கிணற்றடியில் நின்று குதிப்பார். "காலையில இந்தத் தண்ணியிலதான் மேடம் நான் குளிச்சேன்! தலை கூட இன்னும் காயல, தொட்டுப் பாருங்க!" என்பார். அவள் நாடாவைச் சுற்றிக்கொண்டே, "குளிச்சிருப்பீங்க, நான் இல்லேங்கல. இப்ப அது எங்க போச்சு, காட்டுங்க" என்பாள். எட்டிப் பார்த்தால் அடியில் நாலு தவளை உட்கார்ந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருக்கும். ஊர்க்காரர்கள் அலுவலகத்தின் காதில் பூ சுற்றுகிறார்கள் என்று அவள் அறிக்கை அனுப்பினாள். கிணற்றில் தண்ணீர் ஊற்றினால் வழக்குப் போடப்படும் என்று சுவரெங்கும் அறிவிப்பு ஒட்டினார்கள். வரைபடத்தில் அந்த ஊரும் சுற்றுவட்டாரமும் சிவப்பாயின. சிவப்பு என்றால் புதிய போர் போடக் கூடாது, மோட்டாருக்குப் புதிய மின் இணைப்பு கிடையாது. வங்கி கடன் தராது. வாசல் கிணற்றிலேயே தண்ணீர் நின்றாலும், வறண்ட ஊர் என்று சொல்லிப் பெண் கொடுக்க மறுத்தார்கள். போர் வண்டி துருப்பிடித்து நின்றது. அவள் ஜீப் ஊருக்குள் வந்தால் டயரில் காற்று இருக்காது, கண்ணாடி இருக்காது, டீக்கடையில் டீ இருக்காது. அவள் அசரவில்லை. பொய்யர்கள் நிறைந்த ஊரில் தான் ஒருத்தியாவது ஒழுங்காக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒரு வைராக்கியம் வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு பதினேழு வருடம் அளந்தாள்.

ஊரின் நடுவில் அவளுடைய அப்பா கட்டிய வீடு இருந்தது. முன்பக்கம் தம்பியின் குடும்பம். தம்பி மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தான். பின்பக்கம் ஒரு அறை, அதை மட்டும் அப்பா அவள் பெயருக்கு எழுதி வைத்திருந்தார். ஒற்றை ஜன்னல், சிமெண்ட் தரை, சுவரோடு சேர்ந்த அலமாரி. அளக்க வரும் நாட்களில் அதைத் திறந்து அரை மணி நேரம் காலை நீட்டிப் படுத்துவிட்டுப் போவாள். அவள் வந்து போனால் வீட்டுக் கிணறு இரண்டு நாள் வற்றுகிறது என்பதை முதலில் கவனித்தவள் தம்பி மனைவிதான். ஆனால் நாத்தனார் வந்தால் வீட்டுக்கு ஆகாது என்பது எந்தத் தம்பி மனைவிக்கும் புதிய செய்தி இல்லை, அதனால் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வருடம் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து அளவுக்காரி காலை உடைத்துக்கொண்டாள். அவளுக்குப் பதிலாக வேறொரு அதிகாரியை அனுப்பினார்கள். சீக்கிரம் வேலையை முடித்துவிட்டு நிழலில் படுக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கமில்லாத மனிதர். அவர் நாடாவை எங்கே இறக்கினாலும் ஐந்து மீட்டரில் பீப் என்றது, ஆறு மீட்டரில் பீப் என்றது. நாடா கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பினார். புது நாடா வந்தது. அதுவும் ஐந்து மீட்டரில் கத்தியது. பெரிய அதிகாரியே நேரில் கிளம்பி வந்தார். இதற்கு முன்பு இதே கிணற்றை அளந்தவளைக் கூட்டி வாருங்கள், கேட்டுப் பார்ப்போம் என்றார். கட்டுப் போட்ட காலோடு அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஜீப் கிணற்றை நெருங்க நெருங்க, கத்திக்கொண்டிருந்த பெட்டி வாயை மூடிக்கொண்டது. பெரிய அதிகாரி கிணற்றை எட்டிப் பார்த்தார், ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார், பிறகு மெதுவாக, "மேடம், நீங்க கொஞ்சம் பின்னாடி போங்க" என்றார். ஜீப் நெடுந்தூரம் பின்னால் போனது. தண்ணீர் உடனே வரவில்லை. அதற்கும் மானம் மரியாதை உண்டு. இரண்டு நாள் கழித்து வந்தது. திரும்பவும் ஜீப்பைக் கொண்டுவந்தார்கள், போய்விட்டது. இப்படியே அந்த மாத டீசல் தீர்ந்தது. பதினேழு வருடத்து எண்கள் அத்தனையும் தண்ணீரின் ஆழம் இல்லை, தன்மேல் அதற்கிருந்த வெறுப்பு என்று தெரிந்த அன்று அளவுக்காரி ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "நான் ஒரு தடவை கூட பொய்யா எழுதலையே சார்" என்றாள். பெரிய அதிகாரி டிரைவரிடம் ஏசியைக் கூட்டச் சொன்னார். இந்த நிலைமைக்கென்று விதி எதுவும் இல்லாததால், உடல்நலக் குறைவு என்று எழுதி அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். வரைபடத்தில் ஊர் பச்சையானது. போர் வண்டி முதலாளி வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்.

வேலை போனதும் அலுவலகக் குடியிருப்பையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. அங்கே ஆற்றிலிருந்து குழாய்த் தண்ணீர், அதனால்தான் அத்தனை வருடம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சேர்த்து வைத்ததும் அதிகமில்லை. உலகத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அந்தப் பின்னறைதான். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மடக்குக் கட்டிலோடு வந்து இறங்கினாள். அன்று மாலைக்குள் தெருவில் இருந்த கிணறுகள் எல்லாம் இறங்கின. மறுநாள் அடுத்த தெரு. தண்ணீர் இல்லாமல் ஓடிய மோட்டார்கள் புகைந்து கருகி, ஒன்றன்பின் ஒன்றாகத் தம்பியின் கடைக்கு வந்தன. தம்பிக்கு அப்படியொரு வியாபாரம் அதற்கு முன் நடந்ததே இல்லை. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று புரியாமல் இராப்பகலாகச் செம்புக் கம்பி சுற்றினான். "ஊரு மோட்டார் பூரா நம்ம கடைக்கு வருது, கூடவே ஊரு சாபமும் வருது. உங்களுக்கு இதெல்லாம் உறைக்கவே உறைக்காதா?" என்று அவன் மனைவி கரித்துக் கொட்டினாள். மூன்று தெரு தள்ளிப் போய்க் குடம் சுமந்த பெண்கள், திரும்பும்போது அந்த வீட்டு வாசலில் குடத்தை இறக்கி வைத்து, ஆசை தீரத் திட்டிவிட்டு, பிறகு தூக்கிக்கொண்டு போனார்கள். கடைக்காரன் அவளுக்குச் சாமான் தர மறுத்தான். ஜன்னலில் கல் விழுந்தது. அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். நாட்கள் போனால் தண்ணீருக்குக் கோபம் ஆறும் என்று நம்பினாள். ஒரு நாள் வற்றிய கிணற்றின் விளிம்பில் குனிந்து, அன்றைக்கு உப்புத் தண்ணீர் ஊற்றாமல் அளந்தது தன் தப்புதான் என்று சொல்லிக்கூடப் பார்த்தாள். தண்ணீர் இன்னும் இரண்டு மீட்டர் இறங்கியது.

கடைசியில் போர் வண்டி முதலாளி தெருவையே திரட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பதினேழு வருடம் துருப்பிடித்த வண்டியின் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்து, "இப்பவும் எங்கள நிம்மதியா விட மாட்டீங்களா?" என்று கேட்டார். அளவுக்காரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இது எங்கப்பா கட்டின வீடு. அந்தப் பின்னறை ஒண்ணுதான் எனக்கு இருக்கு. அதையும் விட்டுட்டு நான் எங்க போவேன்?" என்றாள். கூட்டத்தில் எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். தம்பி கையிலிருந்த செம்புக் கம்பியைப் பார்த்தான். அவன் மனைவிதான் பேசினாள். "அறைய வேணா நீங்களே எடுத்துட்டுப் போங்க அண்ணி. தண்ணிய மட்டும் விட்டுட்டுப் போங்க" என்றாள். அளவுக்காரி உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டினாள். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பஸ் ஏறினாள். இரண்டாம் நாள் கிணறுகள் நிறைந்தன.

நெடுஞ்சாலையில் வெறும் பாறைமேல் ஒரு டயர் கடை, அதன் மாடியில் ஒரு அறை. சுற்றிலும் கிணறே இல்லாததால் வீட்டுக்காரர் வாடகைக்குக் கொடுத்தார். இரண்டு வருடம் அங்கே இருந்தாள். நாள் முழுக்க டயர் எரியும் வாடையும் லாரிச் சத்தமும். தம்பி ஒரு தடவை கூட வந்து பார்க்கவில்லை.

இங்கே ஊரில், பயமுறுத்த ஆளில்லாத தண்ணீருக்குத் திமிர் ஏறியது. வருடத்துக்கு இரண்டு தடவை அவள் வந்து விரட்டியதால்தான் அது இத்தனை காலமும் ஐந்து மீட்டரில் அடங்கிக் கிடந்திருக்கிறது, அதை யார் கண்டார்கள்? முதல் வருட மழையில் மூன்று மீட்டருக்கு வந்தது. எல்லாரும் மகிழ்ந்தார்கள். இரண்டாவது வருடம் வீட்டுக்குள் வந்தது. ஊரின் கீழ்த் தெருக்கள் முன்னொரு காலத்தில் சேறும் கோரைப்புல்லுமாகக் கிடந்த இடம். வரைபடம் சிவப்பாக இருந்த காலத்தில், வறண்ட நிலம்தானே என்று அடிமட்ட விலைக்கு வாங்கி வரிசையாக வீடு கட்டியிருந்தார்கள். இப்போது தரை வியர்த்தது. தரையில் ஒட்டிய கல் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து வந்தது. சுவரில் ஈரம் சுவிட்ச் பலகை வரை ஏறி, விளக்குப் போடப் போனவர்களைத் தூக்கி அடித்தது. கதவுகள் ஊறிப்போய்ச் சாத்த முடியவில்லை. கழிவறைக் குழிகள், இத்தனை வருடம் வாங்கி வைத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தன. போர் வண்டி முதலாளி போட்ட புதிய போர்கள் மோட்டார் இல்லாமலே பொங்கின; மூடி போட்டு இறுக்கினால் மூடியைத் தூக்கி எறிந்தன. அவருடைய வண்டியே அவர் வீட்டு வாசலில் அச்சு வரை புதைந்தது. வாய்க்கால் வெட்டினார்கள், வெட்டி முடிப்பதற்குள் அது நிரம்பியது. தம்பியின் கடையில் பழுது பார்க்க வந்த மோட்டார்கள் தண்ணீருக்கடியில் கிடந்தன. ஒரு வாரம் வரைக்கும் யாரும் அவள் பேரைச் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் மனசுக்குள் வைத்துக்கொண்டு, முதலில் சொல்கிறவன் எவன் என்று மற்றவன் முகத்தைப் பார்த்தார்கள்.

போர் வண்டி முதலாளியும் தம்பியும் தம்பி மனைவியும் முழங்கால் சேற்றோடு டயர் கடைக்கு வந்தார்கள். மாடிப் படியில் சேற்றுத் தடம் பதிந்தது. அளவுக்காரி உட்காரச் சொல்லவில்லை. முதலாளி தொண்டையைக் கனைத்தார், நெடுஞ்சாலையைப் பற்றி ஏதோ சொன்னார், திரும்பவும் கனைத்தார். தம்பி சுவரைப் பார்த்தான். அவள் தம்பி மனைவியிடம்தான் கேட்டாள்.

"என் அறையில இப்ப என்ன இருக்கு?"

"பழைய மோட்டாரு."

"பூட்ட உடைச்சீங்களா?"

"உடைச்சோம்."

"எப்ப?"

"நீங்க பஸ் ஏறின அன்னிக்கே." இந்த மாதிரி நேரத்தில் பொய் சொல்லும் பழக்கம் தம்பி மனைவிக்கு இல்லை. பிறகு சேலையின் சேற்று ஓரத்தைப் பிழிந்துகொண்டே, "இப்பவும் எனக்கு உங்களப் பிடிக்கல அண்ணி. பிடிச்சு வந்திருக்கேன்னு நினைச்சுக்காதீங்க. வீடு முங்கிப்போச்சு. வாங்க" என்றாள்.

அளவுக்காரி, "எனக்கும் உன்னப் பிடிக்கல. அந்த மோட்டார எல்லாம் முதல்ல வெளிய எடுக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தாள்.

அவளைக் கீழ்த் தெருக்கள் வழியாக நடத்திக் கூட்டி வந்தார்கள். அவள் வர வர, உறிஞ்சும் சத்தத்தோடு தண்ணீர் முன்னால் இறங்கிக்கொண்டே போனது. பாதங்களுக்குப் பின்னால் தரை வெளுத்தது. வீட்டுக்கு வீடு ஆட்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருவரும் வாங்க என்று சொல்லவில்லை, ஒருவரும் நன்றி என்று சொல்லவில்லை. அவள் கடந்து போனதும், அதுவரை சாத்த முடியாமல் ஊறியிருந்த கதவுகளை அவள் முதுகுக்குப் பின்னால் படார் படாரென்று சாத்தினார்கள். அவளும் எந்த வீட்டையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்தது. அவள் இருக்கும் தெருவுக்கும் பக்கத்துத் தெருக்களுக்கும் மேட்டுத் தெருவிலிருந்து குழாய் போட்டார்கள். மழைக்காலத்தில் எந்தக் கிழமை எந்தத் தெருவில் நடக்க வேண்டும் என்பதை அவளே வரைபடம் விரித்து முடிவு செய்தாள். அதில் யாரும் வாய் திறக்கக் கூடாது. குடையோடு அவள் கிளம்பினால் அந்தத் தெருவில் முணுமுணுப்புக் கேட்கும், சுவர்களும் காயும். டீக்கடையில் டீ கொடுத்தார்கள், ஆனால் முகத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை. வீட்டில் தம்பி மனைவியும் அவளும் சாப்பாட்டுத் தட்டை நகர்த்துவதைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்வதில்லை. நிலத்தடி நீர் அலுவலகம் அந்த ஊருக்கு இரண்டு அளவு குறித்துக்கொள்கிறது, அவள் வீட்டில் இருக்கும்போது ஒன்று, வெளியே போயிருக்கும்போது ஒன்று. அதிகாரிகள் மாறினாலும் இதைப் பற்றி யாரும் விளக்கம் கேட்பதில்லை.

போன மழையில் கண் அறுவைச் சிகிச்சைக்கு அவள் வெளியூர் போக வேண்டியிருந்தது. போன இரண்டாம் நாள் காலையிலேயே கிணறு நிறைந்து வழிந்து, கொல்லையைக் கடந்து, பின்னறையின் வாசற்படியைத் தொட்டது. உள்ளே அவளுடைய மடக்குக் கட்டிலும் டிரங்குப் பெட்டியும் இருந்தன. தம்பி வாளியைத் தேடி ஓடினான். அவன் மனைவி துடைப்பத்தோடு வந்து படியின் குறுக்கே நின்றுகொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்: "இது அண்ணி ரூமு. ஒரு அடி உள்ள வச்சுப் பாரு. அண்ணி வரட்டும், சொல்றேன்!"

தண்ணீர் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஒரு படி இறங்கி, அங்கேயே நின்றது. தம்பி மனைவி அதே துடைப்பத்தோடு அண்ணியின் அறையைப் பெருக்க உள்ளே போனாள்.